அவன் ஏன் உட்காரவில்லை என்று யாரும் கேட்கவில்லை

மாற்றுத்திறனாளிச் சான்று வழங்கும் மருத்துவக் குழுக்களில் அமர்கிற மனநல மருத்துவர்களுக்கும், தமிழ்நாடு மாற்றுத்திறனாளிகள் நலத்துறை அலுவலர்களுக்கும் வணக்கம்.

திருநெல்வேலி மாவட்டத்தில் முக்கூடல் பக்கத்து ஊர் ஒன்றிலிருந்து எழுதுகிறேன். பன்னிரண்டாம் வகுப்பு வரை படித்தவள். பதினாறு வருஷம் பீடி சுற்றினேன். இப்போது சுற்றுவதில்லை, அதற்கான காரணத்தைப் பிறகு சொல்கிறேன். நான் சொல்லச் சொல்ல என் தம்பி தட்டச்சு செய்கிறான். இங்கிலீஷில் இருந்த சட்டத்தையும் விதிகளையும் எனக்கு வாசித்துச் சொன்னவனும் அவன்தான். அதனால் இந்தக் கடிதத்தில் கோபம் என்னுடையது, பிரிவு எண்கள் அவனுடையவை.

என் மகனுக்கு 13 வயது. எட்டாம் வகுப்பு படிக்கிறான். பத்து வயதிலிருந்து அவனுக்கு ஓசிடி இருக்கிறது. தமிழில் எண்ணச் சுழற்சி நோய் என்கிறார்கள். வேண்டாத நினைப்பு திரும்பத் திரும்ப வந்து, செய்ததையே திரும்பத் திரும்பச் செய்ய வைக்கிற நோய். கடுமையான நிலை என்று அவனுக்கு வைத்தியம் பார்க்கும் மருத்துவர் எழுதிக் கொடுத்திருக்கிறார். அந்தக் காகிதத்தை எடுத்துக்கொண்டுதான் மாற்றுத்திறனாளிச் சான்றுக்கான ஒரு மதிப்பீட்டு முகாமுக்குப் போனோம்.

காலையில் ஒன்பது மணிக்கே போய்விட்டோம். எங்கள் டோக்கன் 43. எங்களைக் கூப்பிடும்போது மணி ஒன்றேகால். நாலே கால் மணி நேரமும் என் மகன் நின்றுகொண்டே இருந்தான். பெஞ்சு காலியாகத்தான் இருந்தது. மூன்று சக்கர வண்டியில் வந்திருந்த ஒரு தம்பிகூட, "உக்காருல, எம்புட்டு நேரம் நிப்பே?" என்று இடம் காட்டினார். இவன் சிரித்துக்கொண்டே தலையை ஆட்டினான். இரண்டு கைகளையும் சட்டைக்குள் மடக்கி, நெஞ்சோடு சேர்த்து வைத்திருந்தான். சுவர், தூண், ஜன்னல் கம்பி எதிலும் படாமல் நடுக்கூடத்தில் நின்றான். தண்ணீர் குடிக்கவில்லை. ஒன்றுக்குப் போகவில்லை. முந்தின நாள் ராத்திரியிலிருந்தே தண்ணீர் குடிக்காமல் இருந்தான் என்பது எனக்கு அப்புறம்தான் தெரிந்தது. வெளியிடத்துக் கழிப்பறைக்குள் போக நேர்ந்துவிடக் கூடாது என்று.

உள்ளே நாலு நிமிஷம். மருத்துவர் நல்லவிதமாகத்தான் பேசினார், குறை சொல்ல மாட்டேன். அவருக்கு எதிரே இன்னும் எத்தனை பிள்ளைகள் காத்திருந்தார்கள் என்று நானே பார்த்தேனே. பேர் என்ன, என்ன வகுப்பு, இன்றைக்கு என்ன கிழமை என்று கேட்டார். எல்லாவற்றுக்கும் சரியாகச் சொன்னான். தானே குளிப்பியா? "ஆமா சார்." தானே சாப்பிடுவியா? "ஆமா சார்." ஸ்கூலுக்குப் போறியா? "ஆமா சார்." பக்கத்தில் எழுதிக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து பார்த்து, "வந்ததிலேயே இவன்தான் சுத்தமா இருக்கான்" என்றார்.

நான் வாயைத் திறப்பதற்குள், "40 வராதும்மா, அடுத்த வருஷம் பாப்போம்" என்று சொல்லிவிட்டார்கள். குறைபாடு 40 சதவீதம் வராது என்று அர்த்தம். எழுத்தில் ஒன்றும் தரவில்லை.

அந்த மூன்று "ஆமா"வுக்கும் என்ன அர்த்தம் என்று சொல்லத்தான் இந்தக் கடிதம்.

தானே குளிப்பான். அதிகாலை ஐந்து மணிக்கு உள்ளே போவான், ஏழரைக்கு வெளியே வருவான். முதலில் வாளியை ஏழு தடவை அலச வேண்டும். அப்புறம் குழாயை, அப்புறம் குழாயைத் தொட்ட கையை. நடுவில் ஒரு கெட்ட நினைப்பு வந்துவிட்டால் முதலிலிருந்து தொடங்க வேண்டும். கெட்ட நினைப்பு என்றால் பெரும்பாலும் அவன் அப்பாவைப் பற்றித்தான். அவர் லோடு ஆட்டோ ஓட்டுகிறார். இவன் கழுவியது சரியில்லை என்றால் அப்பா அடிபட்டுச் செத்துப்போவார் என்று மனசுக்குள் ஓடும். அது உண்மையில்லை என்று அவனுக்கே தெரியும். தெரிந்தும் கழுவாமல் இருக்க முடியாது. கதவுக்கு வெளியே நான் நிற்க வேண்டும். "அம்மா, அப்பாக்கு ஒண்ணும் ஆவாதுல்லா?" என்று உள்ளேயிருந்து கேட்பான். "ஒண்ணும் ஆவாதுய்யா" என்று நான் சொல்ல வேண்டும். குரல் கொஞ்சம் பிசகினாலும், இருமல் வந்தாலும் அது கணக்கில்லை, மறுபடி முதலிலிருந்து. இரண்டு நாளைக்கு ஒரு சோப்பு. மேல்தொட்டி காலி. என் மாமியார் சொல்வார்கள், "தாமிரபரணியவே திருப்பி விட்டாலும் இவனுக்குக் காணாது" என்று.

தானே சாப்பிடுவேன் என்று சொன்னது பொய்தான். அவன் கையை அவனால் நம்ப முடியாது. கழுவிக் கழுவி விரல் இடுக்கெல்லாம் வெடித்து ரத்தம் கசிகிறது. அந்தக் கையால் சோற்றைத் தொட மாட்டான். நான் இரண்டு தடவை குளித்துவிட்டு வந்து ஊட்டிவிட வேண்டும். 13 வயதுப் பையன், மீசை அரும்புகிறது. முன்பின் தெரியாத நாலு பேர் முன்னால், "எங்க அம்மா ஊட்டிவிடுவா" என்று எப்படிச் சொல்வான்? உங்கள் பிள்ளை சொல்வானா?

பள்ளிக்கூடம் போவதும் அப்படித்தான். வாரத்தில் இரண்டு நாள், சில வாரம் மூன்று நாள். போனாலும் முதல் பீரியடுக்குப் போக முடியாது. பரீட்சையில் ஒரு எழுத்தை எழுதுவான், சரியாக வரவில்லை என்று அழிப்பான், திரும்ப எழுதுவான், தாள் கிழியும். கேள்விக்குப் பதில் தெரியும். முழுப் பாடத்தையும் வாயால் ஒப்பிப்பான். ஆனால் இரண்டரை மணி நேரத்தில் முக்கால் பக்கம்தான் எழுதியிருப்பான்.

இனி பீடி விஷயம். எங்கள் பக்கத்தில் சுளகு மடியில் இல்லாத வீடே குறைவு. இலை வெட்டி, தூள் வைத்து, சுருட்டி, நூல் கட்டி, நாள் முழுக்க அதே வேலை. அந்தத் தூள் காற்றில் பறக்கும், சேலையில் ஒட்டும். அவனுக்கு முதலில் பயம் தொடங்கியதே அந்தத் தூளில்தான். என் சேலை பட்ட இடம், நான் தொட்ட டம்ளர், நான் உட்கார்ந்த பாய் எல்லாம் ஒவ்வொன்றாக ஆகாததாயிற்று. ஒரு வருஷம் பக்கத்து வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து சுற்றிப் பார்த்தேன், குளித்துவிட்டுத்தான் வீட்டுக்குள் வருவேன். அப்படியும் முடியவில்லை, விட்டுவிட்டேன். சுத்தம் சோறு போடும் என்பார்கள். எங்கள் வீட்டில் சுத்தம்தான் சோற்றில் கைவைத்தது.

தொடக்கத்தில் எங்களுக்கும் புரியவில்லை, உங்களை மட்டும் என்ன சொல்ல. மாமியார் அவனைச் சுத்தக்காரன் என்று பெருமையாகத்தான் பேசினார்கள். கை வெடித்ததும் தோல் டாக்டரிடம் காட்டினோம், களிம்பு கொடுத்தார். பங்குனி உத்திரத்துக்குச் சாஸ்தா கோயிலுக்குக் கூட்டிப்போனோம். மந்திரித்துக் கயிறு கட்டிவிட்டார்கள். ஈரக் கயிறு கையில் கிடப்பது தாங்காமல் அன்றைக்கு ராத்திரி முழுக்க அழுதான். அவனுடைய தமிழ் வாத்தியார்தான் ஒரு நாள் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "இது சேட்டை இல்லம்மா, மனநல டாக்டரைப் பாருங்க" என்றார். அதற்குள் ஒரு வருஷம் போய்விட்டது.

இப்போது மாத்திரை சாப்பிடுகிறான். கூடவே பயிற்சியும் உண்டு. பயப்படுகிற ஒன்றைத் தொட வைத்து, கழுவாமல் பத்து நிமிஷம், அப்புறம் இருபது நிமிஷம் என்று இருக்கப் பழக்குவது. இந்த நோய்க்கு அதுதான் முக்கியமான வைத்தியம். அதில் எங்களுக்கும் ஒரு பங்கு இருக்கிறது. அவன் கேட்கும்போதெல்லாம் "ஒண்ணும் ஆவாது" என்று சொல்லிக்கொண்டே இருந்தால் நோய்க்கு நாமே தீனி போடுகிறோம் என்கிறார் மருத்துவர். வாஸ்தவம்தான். ஆனால் பதில் சொல்லாமல் இருக்கும் நாளில் வீட்டில் நடப்பதை இங்கே எழுத முடியாது.

இதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. வீட்டில் நான் இரண்டு தடவை குளித்து, ஊட்டிவிட்டு, கதவுக்கு வெளியே நின்று, அவன் அப்பா வாசலிலேயே சட்டை மாற்றி, அவன் தங்கச்சி அவன் பாயை மிதிக்காமல் சுற்றிப் போய், இப்படி நாலு பேர் முட்டுக் கொடுத்து நிறுத்தியிருக்கிற பிள்ளையைத்தான் நீங்கள் முகாமில் பார்க்கிறீர்கள். முட்டு உங்கள் கண்ணுக்குத் தெரிவதில்லை. பிள்ளை நேராக நிற்பது மட்டும் தெரிகிறது.

சரி, சட்டத்துக்கு வருகிறேன். 2016-ஆம் வருஷத்து மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளைச் சொல்கிறது. அதில் மனநோயும் ஒன்று. அன்றாட வாழ்க்கையின் சாதாரணத் தேவைகளைச் சமாளிக்க முடியாதபடி ஆக்குகிற கோளாறு என்பதும் அந்த விளக்கத்துக்குள் வருகிறது. அதை அளக்க இந்திய மனநல மருத்துவர் சங்கம் உருவாக்கிய ஐடியாஸ் என்ற அளவுகோல் இருக்கிறது. ஓசிடி அதற்குப் புதிதில்லை, 2002-லேயே சேர்ந்த நோய்தான். இது உங்களுக்குத் தெரியும். இதை வாசிக்கும் மற்ற தாய் தகப்பன்மாருக்காகச் சொல்கிறேன்.

அதில் நாலு பகுதி. தன்னைத் தானே பார்த்துக்கொள்வது, மற்றவர்களோடு பழகுவது, பேசுவதும் புரிந்துகொள்வதும், வேலை. படிக்கிற பிள்ளைக்கு வேலை என்றால் படிப்பு. ஒவ்வொரு பகுதிக்கும் பாதிப்பைப் பொறுத்து 0 முதல் 4 வரை மதிப்பெண். அதோடு நோய் எத்தனை வருஷமாக இருக்கிறது என்பதற்குத் தனி மதிப்பெண்: இரண்டு வருஷத்துக்குள் என்றால் 1, இரண்டிலிருந்து ஐந்து வருஷம் வரை 2, ஆறிலிருந்து பத்து வரை 3, பத்துக்கு மேல் 4. கூட்டினால் 1 முதல் 6 வரை வந்தால் 40 சதவீதத்துக்குக் கீழே. 7 வந்தால் 40 சதவீதத்துக்குள் நுழைந்துவிடலாம்.

நானும் தம்பியும் உட்கார்ந்து கணக்குப் போட்டோம். நாலு நிமிஷம் பார்த்துவிட்டு நாலு பகுதிக்கும் ஒவ்வொரு மதிப்பெண் போட்டிருந்தால் 4. மூன்று வருஷ நோய்க்கு 2. ஆக மொத்தம் 6. அதாவது ஒரே ஒரு மதிப்பெண் குறைவு. "தானே குளிப்பியா" என்பதற்குப் பதிலாக "எம்புட்டு நேரம் குளிப்பே" என்று கேட்டிருந்தால் அந்த ஒரு மதிப்பெண் அங்கேயே கிடைத்திருக்கும்.

"அடுத்த வருஷம் பாப்போம்" என்ற பேச்சும் இந்தக் கணக்கைத் தெரிந்துகொண்ட பிறகு வேறு மாதிரி கேட்கிறது. நோய் பழசானால் மதிப்பெண் ஏறும், சரி. பத்து வருஷம் தாண்டி முழு 4 கிடைக்கும்போது அவனுக்கு இருபது வயதுக்கு மேல் ஆகியிருக்கும். பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு எல்லாம் எழுதியோ எழுதாமலோ முடிந்திருக்கும். பெரியவர்களை மனசில் வைத்துச் செய்த அளவுகோல் என்பது பார்த்தாலே தெரிகிறது. பிள்ளைகளுக்கு நோய்க்காலம் குறைவாகத்தான் இருக்கும், வயதே அவ்வளவுதானே. அப்படியானால் மிச்ச நாலு பகுதிகளையும் பிள்ளைகள் விஷயத்தில் இன்னும் கவனமாகப் பார்க்க வேண்டாமா?

பராமரிப்பவரிடமும் விசாரிக்க வேண்டும், சிகிச்சைக் குறிப்புகளையும் பார்க்க வேண்டும் என்பது அந்த அளவுகோலிலேயே சேர்ந்த விஷயம். என் கையில் அவனுடைய வைத்தியச் சீட்டுகள் எல்லாம் இருந்தன. பிளாஸ்டிக் உறைக்குள் வரிசையாக அடுக்கிக் கொண்டுவந்திருந்தேன். உறை பிரிக்கப்படவே இல்லை.

எழுத்தில் தராததைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். தகுதியில்லை என்றால் காரணத்தை எழுத்தில் தர வேண்டும் என்று அந்தச் சட்டத்துக்கான 2017 விதிகள் சொல்கின்றன. முடிவில் குறை இருந்தால் மேல்முறையீடு செய்யலாம் என்று சட்டத்தின் 59-ஆவது பிரிவு சொல்கிறது. வாயால் சொன்ன "40 வராதும்மா"வை எந்த மேல்முறையீட்டில் இணைப்பது?

சான்று எதற்கு என்று சொந்தக்காரர்களும் கேட்டார்கள். "கோட்டின்னு கவர்மெண்டே சீல் குத்தணுமாக்கும்? பொட்டப் பிள்ளை வேற இருக்கு" என்றார் என் நாத்தனார். கோட்டி என்றால் எங்கள் பக்கத்துப் பேச்சில் பைத்தியம். அந்தச் சொல்லுக்குப் பயந்தே எங்கள் பக்கத்தில் எத்தனையோ பிள்ளைகள் வீட்டுக்குள்ளேயே கிடக்கின்றன. பாளையங்கோட்டையில் காது கேளாத பிள்ளைகளுக்கும் பார்வையில்லாத பிள்ளைகளுக்கும் நூறு வருஷத்துக்கு மேலாகப் பள்ளிக்கூடம் நடக்கிறது. அந்தப் பிள்ளைகள் சைகையில் பேசிக்கொண்டே பஸ் ஏறுவதைச் சின்ன வயதிலிருந்து பார்த்து வளர்ந்தவர்கள் நாங்கள். கண்ணுக்குத் தெரிகிற குறை என்றால் இந்த ஊர் நகர்ந்து இடம் கொடுக்கும். தெரியாத குறைக்குத்தான் "நல்லாத்தானே இருக்கான்" என்கிறது.

எங்களுக்கு எதற்கு என்றால், முதலாவது பரீட்சை. இன்னும் இரண்டு வருஷத்தில் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு. மாற்றுத்திறனாளி மாணவர்களுக்குக் கூடுதலாக ஒரு மணி நேரம் உண்டு, சொல்லச் சொல்ல எழுதுபவர் உண்டு. கூடுதல் நேரமும் எழுதுபவரும் சட்டத்தின் 17-ஆவது பிரிவிலேயே இருக்கின்றன. வாயால் ஒப்பிக்கத் தெரிந்த பிள்ளைக்கு இது எவ்வளவு பெரிய விஷயம் என்று யோசித்துப் பாருங்கள். 40 இருந்தால்தான் எழுதுபவர் என்பதும் இப்போது அப்படியே இல்லை. எழுதும்போது கை இழுத்துக்கொள்ளும் கோளாறு உள்ள ஒருவர் வழக்கில், 40 சதவீதம் இல்லை என்பதற்காக எழுதுபவரை மறுக்கக் கூடாது என்று 2021 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. தம்பி அதை வாசித்துக் காட்டியபோது எனக்கு அழுகையே வந்துவிட்டது. ஆனால் பள்ளிக்கூடத்தில் போய்த் தீர்ப்பைச் சொன்னால், "சர்டிபிகேட் கொண்டாங்க" என்கிறார்கள். அவர்களுக்குத் தெரிந்தது அட்டை ஒன்றுதான்.

இரண்டாவது, 6 முதல் 18 வயது வரை இலவசக் கல்வி என்ற 31-ஆவது பிரிவு. அதுவும் 40 வந்தால்தான். மூன்றாவது பணம். அதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை. மருந்து, மாதம் நாலு தடவை பஸ், நான் விட்ட பீடிக் கூலி, அவன் அப்பா லோடு எடுக்காத நாட்கள், சோப்பு. ஒருவர் நிராமயா என்ற மத்திய அரசு மருத்துவக் காப்பீட்டுக்கு எழுதிப் போடச் சொன்னார். விசாரித்தால் அது ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு என்ற நாலுக்கு மட்டுமாம். ஓசிடி அதில் வராது. எந்த வாசலைத் தட்டினாலும் முதலில் கேட்பது சதவீதம்.

நிரந்தரச் சான்று வேண்டும் என்று நான் கேட்கவில்லை. இது தேறுகிற நோய் என்று மருத்துவர் சொல்கிறார், அதை நம்பித்தான் உயிரோடு இருக்கிறோம். தற்காலிகமாகக் கொடுங்கள், சில வருஷம் கழித்து மறுபடி பாருங்கள். அவன் தேறிவிட்டான் என்று நீங்கள் அட்டையைத் திரும்ப வாங்குகிற அன்றைக்கு நானே அல்வா வாங்கிக்கொண்டு வருவேன். எங்கள் ஊரில் அதற்கா பஞ்சம்.

என் அண்ணன் மகள் இங்கிலாந்தில் நர்ஸ். அங்கே 16 வயதுக்குக் கீழ் உள்ள பிள்ளைகளுக்கு ஒரு ஊனமுற்றோர் உதவித்தொகை உண்டு. அந்த விண்ணப்பத்தைப் போனில் எனக்கு வாசித்துக் காட்டினாள். குளிக்க உதவி தேவையா என்று கேட்டுவிட்டு, ஒரு நாளைக்கு எத்தனை தடவை, ஒவ்வொரு தடவையும் எத்தனை நிமிஷம் என்று கட்டம் போட்டு வைத்திருக்கிறார்களாம். அதே வயதுப் பிள்ளைக்குத் தேவைப்படுவதைவிட எவ்வளவு கூடுதல் என்றுதான் பார்ப்பார்களாம். அங்கே எல்லாம் ஒழுங்கு என்று சொல்ல வரவில்லை. முதலில் மறுத்து, மறுபரிசீலனை, தீர்ப்பாயம் என்று அலைகிறவர்கள் அங்கேயும் உண்டு என்று அவளே சொன்னாள். ஆனால் அந்தக் கட்டம் எனக்குப் பிடித்திருந்தது. நிமிஷம் கேட்கிற கட்டம். அதற்கு ஒரு அரசாணையும் வேண்டாம், கூடுதல் பணமும் வேண்டாம். கேட்டால் போதும்.

அன்றிலிருந்து ஒரு நோட்டுப் போட்டிருக்கிறேன். முன்பு பீடிக் கணக்கு எழுதின அதே மாதிரி நோட்டு. எத்தனை மணிக்குக் குளிக்கப் போனான், எத்தனை மணிக்கு வந்தான், எத்தனை தடவை கேட்டான், நான் எத்தனை தடவை பதில் சொன்னேன், எத்தனை தடவை பல்லைக் கடித்துக்கொண்டு சொல்லாமல் இருந்தேன். பள்ளிக்கூடம் போன நாளுக்கு ஒரு சுழி. உங்களிடம் வருகிற எல்லாத் தாய்மாரிடமும் இப்படி ஒரு நோட்டுக் கேளுங்கள். எழுதத் தெரியாதவர்கள் வாயால் சொல்வார்கள், நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள். பிள்ளையை வெளியே நிறுத்திவிட்டு எங்களிடம் தனியாகப் பேசுங்கள். அவன் மானம் போகாமல் எங்களால் உண்மையைச் சொல்ல முடியும்.

அடுத்த முகாமுக்கு நோட்டோடு வருவேன். அவனையும் கூட்டி வருவேன். அன்றைக்கும் அவன் நடுக்கூடத்தில்தான் நிற்பான், பெஞ்சு காலியாக இருந்தாலும். உட்காரச் சொல்லி வற்புறுத்தாதீர்கள். ஏன் நிற்கிறான் என்று அவனிடம் கேட்காதீர்கள், என்னிடம் கேளுங்கள்.

இப்படிக்கு,
முக்கூடல் பக்கத்திலிருந்து ஒரு தாய்